ஆறுதல் சொல்லும் உரிமை

வரப்போவது இன்னதென்று உறுதியாக அறியாத ஒருவர், அஞ்சி நிற்கும் மக்களிடம் என்ன சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்? தம் அறியாமையை அப்படியே எடுத்துச் சொல்லி அவர்களுடைய அச்சத்தைப் பெருக்குவதா? "ஒன்றும் நேராது, போய் உறங்குங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுவதா? நோயாளியின் தலைமாட்டில் நின்ற வைத்தியரும், மேகத்தைப் பார்த்துப் பாய் விரித்த மாலுமியும் என்றோ சந்தித்த கேள்விதான் இது. எனினும் அண்மைக் காலத்தில் இதற்கென்றே ஒரு தனிக் கல்வித்துறை வளர்ந்திருக்கிறது. அபாயத்தை மக்களுக்கு எடுத்துரைப்பது எப்படி என்பதை ஆராய்வதற்காகவே, முனைவர் பட்டம் பெற்ற இளைஞர்களை இரண்டு மூன்று ஆண்டுகளுக்குச் சம்பளம் கொடுத்து அமர்த்திக்கொள்கின்றன மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள்.

சொல்வதற்குமா ஓர் ஆராய்ச்சி என்று நம் வாசகர்களில் சிலர் வியக்கக்கூடும். வெள்ளம் வருமென்றால் வருமென்று சொல்ல வேண்டியது, வராதென்றால் வராதென்று சொல்ல வேண்டியது; இதற்கு எதற்குப் பட்டமும் பதவியும் என்று கேட்கலாம். இரண்டில் ஒன்றை அறிந்தவருக்கு அந்த ஆராய்ச்சி தேவையில்லைதான். இரண்டையும் அறியாதவரின் நிலைமையே சிக்கலானது. அந்நிலையில் பேசப்பட்ட ஒரு சொல், பல குடும்பங்களின் கதியோடு பிணைந்துபோன வரலாறு ஒன்று இத்தாலி நாட்டில் நடந்தது. அதனைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். ஏனெனில் உலகம் அதனைப் பெரும்பாலும் தவறாகவே கேட்டிருக்கிறது.

இத்தாலியின் நடுப்பகுதியில், அப்ருத்சோ மலைநாட்டின் தலைநகரம் லாக்விலா. பழமையான கல் வீடுகளும் தேவாலயங்களும் நெருங்கிய ஊர். 1703-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அந்நகரம் ஏறத்தாழ முற்றும் அழிந்து, மீண்டும் கட்டப்பட்டது. அந்த நினைவு தலைமுறை தலைமுறையாக அம்மக்களிடம் ஒரு வழக்கமாகத் தங்கியிருந்தது. நிலம் ஒரு முறை குலுங்கினால், பெரியவர்கள் பிள்ளைகளை எழுப்பிக் கம்பளியைப் போர்த்தி வெளியே அழைத்துப் போய்விடுவார்கள். இரவு முழுவதும் சதுக்கத்திலோ வண்டியிலோ கழியும். யாரும் கற்பித்து வந்த பழக்கமன்று. பாட்டனார் செய்ததைப் பேரன் செய்தான், அவ்வளவே.

2009-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் அவ்வூரில் சிற்றதிர்வுகள் ஓயாமல் தொடர்ந்தன. மார்ச் 30 அன்று வந்த அதிர்வு அளவுகோலில் 4-ஐ எட்டிற்று. இதற்கிடையில், அருகிலுள்ள இயற்பியல் ஆய்வுக்கூடமொன்றில் தொழில்நுட்பப் பணியாளராக இருந்த ஒருவர், நிலத்திலிருந்து கசியும் ரேடான் வாயுவை அளந்து நிலநடுக்கத்தை முன்கூட்டியே சொல்ல முடியுமென்று கூறிவந்தார். சுல்மோனா என்னும் ஊரில் பெரும் நடுக்கம் வருமென்ற அவருடைய எச்சரிக்கை பரவியது, மக்கள் கலங்கினர். அது அங்கு வரவில்லை. பீதியைக் கிளப்பியதாக அவர் மேல் புகார் செய்யப்பட்டது.

மக்களின் கலக்கத்தைத் தணிக்க வேண்டும் என்று அரசு கருதியது. நாட்டின் பேரபாய ஆணையத்தைச் சேர்ந்த அறிவியலாளர்கள் மார்ச் 31 அன்று லாக்விலாவுக்கு வரவழைக்கப்பட்டனர். குடிமைப் பாதுகாப்புத் துறையின் தலைவர், இக்கூட்டம் முக்கியமாகச் செய்தித்தாள்களுக்கும் மக்களுக்குமான ஒரு காட்சி என்ற கருத்தில் தொலைபேசியில் பேசியிருந்தது பின்னாளில் வெளியாயிற்று. கூட்டம் ஏறத்தாழ ஒரு மணி நேரமே நடந்தது. பெரிய நடுக்கம் விரைவில் வரும் வாய்ப்புக் குறைவு, எனினும் அதை அறவே மறுத்துவிட முடியாது என்பதே உள்ளே பேசப்பட்டதன் சாரம். அதில் குற்றம் காண இயலாது. ஆனால் அந்தக் கூட்டம் தொடங்குவதற்கு முன்னரே, அத்துறையின் துணைத் தலைவர் தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்துவிட்டார். சிற்றதிர்வுகள் தொடர்வதால் ஆற்றல் வெளியேறிக்கொண்டே இருக்கிறது, ஆகவே நிலைமை சாதகமானது என்று அறிவியலாளர்கள் தம்மிடம் கூறுவதாக அவர் சொன்னார். அப்படியானால் நிம்மதியாக ஒரு கோப்பை திராட்சை மது அருந்தலாமா என்று நிருபர் கேட்டார். தாராளமாக அருந்தலாம் என்று கூறி, அவ்வட்டாரத்து மதுவின் பெயரையும் சொல்லி முடித்தார் அதிகாரி. (மதுவின் குற்றத்தைப் பற்றிப் பேச நாம் இங்கே வரவில்லை. அன்று போதை தந்தது கோப்பையில் இருந்ததன்று.)

அவர் சொன்ன காரணம் அறிவியலுக்கும் பொருந்தாதது. அளவுகோலில் ஓர் எண் ஏறினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு பெருகும். அளவு 6 உள்ள ஒரு நடுக்கத்தின் ஆற்றலை, அளவு 3 உள்ள சிற்றதிர்வுகளால் கழித்துத் தீர்க்க வேண்டுமாயின் அத்தகையவை முப்பதாயிரத்துக்கும் மேல் வேண்டும். கடலைக் கரண்டியால் இறைப்பது போன்ற கணக்கு. எனினும் அந்தப் பிழையைத் திருத்த எவரும் மக்கள் முன் வரவில்லை. அறிவியலாளரில் பெரும்பாலோர் கூட்டம் முடிந்ததும் ஊர் திரும்பிவிட்டனர். கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு நிலநடுக்கத்திற்குப் பின்னரே கையொப்பமாயிற்று.

ஏப்ரல் 5, ஞாயிறு இரவு பதினொரு மணியை நெருங்கும் வேளையில் ஓர் அதிர்வு; நள்ளிரவு கழிந்து மற்றொன்று. பழைய வழக்கம் உயிரோடிருந்தால் மக்கள் வெளியே போயிருக்க வேண்டிய இரவு. சிலர் போனார்கள். வேறு பலர், நிபுணர்கள் சொன்னதை ஒருவருக்கொருவர் நினைவூட்டிக்கொண்டு மறுபடியும் படுத்தார்கள். விடியுமுன் 3.32 மணிக்கு, அளவு 6.3 உள்ள நடுக்கம் நகரைத் தாக்கியது. 309 பேர் மாண்டனர், பல்லாயிரவர் வீடிழந்தனர். இடிந்து விழுந்த மாணவர் விடுதி ஒன்றில் மட்டும் எட்டு மாணவர்கள் இறந்தனர்.

இறந்தோரின் குடும்பத்தார் வழக்குத் தொடர வழிகோலினர். அறிவியலாளர் அறுவரும் அந்தத் துணைத் தலைவருமாக எழுவர் குற்றவாளிக் கூண்டில் நின்றனர். 2012 அக்டோபர் 22 அன்று எழுவருக்கும் ஆறாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. நிலநடுக்கத்தை முன்னறிந்து சொல்லாததற்காக அறிவியலாளர்களைச் சிறையிடுகிறார்கள் என்று உலகப் பத்திரிகைகள் கொதித்தன. அதற்கு முன்பே, 2010-இல், ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் இத்தாலியின் குடியரசுத் தலைவருக்குக் கண்டன விண்ணப்பம் அனுப்பியிருந்தனர். ஆனால் வழக்கு அதுவன்று. நிலநடுக்கத்தை முன்னறிய இயலாது என்பதை அரசுத் தரப்பு வழக்கறிஞரும் மறுக்கவில்லை. அபாயத்தைச் சரிவர ஆராயாமல் மக்களுக்குப் பொய்யான ஆறுதல் கொடுத்தார்கள், அதை நம்பியே சிலர் வீட்டுக்குள் இருந்து மடிந்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. 2014 நவம்பரில் மேல்முறையீட்டு மன்றம் அறிவியலாளர் அறுவரையும் விடுவித்தது. துணைத் தலைவரின் குற்றத்தை மட்டும், சிலருடைய மரணத்தின் அளவில் உறுதிசெய்து, தண்டனையை இரண்டாண்டாகக் குறைத்து நிறுத்திவைத்தது. 2015-இல் உச்சமன்றமும் அதையே நிலைநிறுத்தியது.

சட்டத்தின் கணக்கு அத்துடன் முடிந்தது. அறத்தின் கணக்கு முடிந்ததாக நமக்குத் தோன்றவில்லை.

முதலில், அந்த அதிகாரிக்காக வாதாட வேண்டியதை வாதாடிவிடுவோம். அவர் தீய எண்ணத்துடன் பேசவில்லை. மக்கள் வாரக்கணக்கில் உறக்கமின்றித் தவித்தார்கள். ஒரு பக்கம் கற்றுக்குட்டி எச்சரிக்கைகள். இந்நிலையில் நாலு நல்ல வார்த்தை சொல்வது கருணையல்லவா? இடி இடிக்கும்போது தாய் தன் குழந்தையை அணைத்து, "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்கிறாள். அது பொய் என்று யாரும் அவளைக் குறை கூறுவதில்லையே!

கூறுவதில்லைதான். ஆனால் அதன் காரணத்தை நோக்க வேண்டும். இடி இடிக்கும் அவ்வேளையில் குழந்தை செய்ய வேண்டிய தீர்மானம் எதுவுமில்லை. அதன் தீர்மானங்களையெல்லாம் தாயே செய்கிறாள். கதவை அடைப்பவளும் அவள், விளக்கை ஏற்றுபவளும் அவள். அவளுடைய ஆறுதல் குழந்தையிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. லாக்விலாவின் குடும்பத் தலைவரோ அந்த நள்ளிரவில் தீர்மானம் செய்ய வேண்டியவராக இருந்தார். குளிரில் பிள்ளைகளை வெளியே கொண்டுபோவதா, உள்ளே உறங்க விடுவதா என்பது அவர் ஒருவரே முடிவு செய்யக்கூடியது. அவருக்குக் கொடுத்த ஆறுதல், அவருடைய தராசின் ஒரு தட்டில் அவர் அறியாமல் வைத்த விரல். தீர்மானம் செய்ய வேண்டியவருக்கு உண்மையான எடை தெரிய வேண்டும்; அது அவருடைய ஹக்கு. அதை எடுத்துக்கொள்ளக் கருணைக்கும் அனுமதியில்லை என்றே நாம் கருதுகிறோம்.

இன்னொன்றும் உண்டு. அந்த ஊராருக்குப் பாட்டனார் வழியாக வந்த ஓர் அறிவு இருந்தது. அது புத்தக அறிவன்று. நிலம் குலுங்கினால் வெளியே போ என்னும் அறிவு. பெரும்பாலான முறை அது வீண் வேலையாகவே முடிந்திருக்கும். நூறு இரவு சதுக்கத்தில் நடுங்கியிருந்து விடியலில் வீடு திரும்பியிருப்பார்கள். ஆயினும் யாரையும் நம்பாமல் தாமே செய்துகொள்ளக்கூடிய காவல் அது. நிபுணரின் சொல் அந்தக் காவலைக் கலைத்தது. அதற்கு ஈடாக வேறொன்றையும் தரவில்லை. நிபுணரை நம்பியதற்காக அம்மக்களை எவர் பழிப்பார்? படித்தவர் சொல்லைக் கேள் என்றுதானே நாமும் நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்.

"உண்மையைச் சொன்னால் மக்கள் பீதியடைந்து மிதித்துக்கொண்டு ஓடுவார்கள்" என்பது அதிகாரிகளின் வழக்கமான சமாதானம். பேரிடர் வேளைகளில் மனிதர் நடந்துகொள்ளும் விதத்தை அமெரிக்கச் சமூகவியலாளர் என்ரிக்கோ குவாரன்டெல்லி 1950-களிலிருந்து பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார். அவரும் அவருடைய தோழர்களும் கண்டது, அத்தகைய பீதி மிக அரிது என்பதே. இடிபாட்டில் முதலில் கைகொடுப்பவர் அண்டை வீட்டார்தாம். மக்களைப் பற்றி ஆளுவோர் கொண்ட அச்சம், ஆபத்தைப் பற்றி மக்கள் கொண்ட அச்சத்தைவிடப் பெரிதாக இருந்திருக்கிறது.

இங்கிலாந்தும் இப்பாடத்தைக் கசப்பாகக் கற்றது. மாடுகளைப் பீடித்த மூளை நோய் மனிதரைத் தொற்றாது என்று அரசு திரும்பத் திரும்ப உறுதி கூறியது. 1990-இல் வேளாண் அமைச்சர் புகைப்படக்காரர் முன்னிலையில் தம் சிறு மகளுக்கு மாட்டிறைச்சி வடை ரொட்டியை ஊட்ட முயன்றார். 1996 மார்ச்சில், நோய் மனிதருக்கும் பரவியிருக்கக்கூடும் என்று அதே அரசு நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அந்நாட்டில் அதனால் இறந்தோர் 170-க்கும் மேல். 2000-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை, ஆறுதலையே குறிக்கோளாகக் கொண்ட அந்தப் பிரசாரம் தவறு என்று கூறியது.

இவ்வளவையும் படித்தவர், "அப்படியானால் எச்சரித்துக்கொண்டே இருப்பதுதான் அறம்" என்று முடிவுகட்டிவிடலாம். நாம் அதற்கு உடன்படமாட்டோம். ரேடானை அளந்த தொழில்நுட்பர் பின்னாளில் சிலருக்கு வீரராகத் தோன்றினார். ஆனால் அவர் காட்டிய ஊர் வேறு, நாள் வேறு. அவர் பேச்சைக் கேட்டு சுல்மோனாவை விட்டு ஓடியவர்கள் லாக்விலாவிலேயே தஞ்சம் புகுந்திருந்தால் என்னாகியிருக்கும்? துணிவு போற்றத்தக்கது, துணிவு இருப்பதனாலேயே ஒருவர் சொல்வது அறிவாகிவிடாது.

உண்மையான எச்சரிக்கையும் சொல்லும் விதத்தால் கேடாகலாம் என்பதற்கு மற்றொரு சான்று. 1995 அக்டோபரில், பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு ஒரு செய்தியை மருத்துவர்களுக்கும் பத்திரிகைகளுக்கும் அனுப்பியது. புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் இரத்தக் கட்டு ஏற்படும் வாய்ப்பை இருமடங்காக்குகின்றன என்பது அச்செய்தி. அதில் பொய் இல்லை. பழைய மாத்திரை உண்ட 7,000 பெண்களில் ஒருவருக்கு நேர்ந்தது, புதியதை உண்ட 7,000 பேரில் இருவருக்கு நேர்ந்தது. ஒன்று இரண்டானால் இருமடங்குதானே! ஆனால் "இருமடங்கு" என்ற சொல் மட்டுமே வீடுகளுக்குள் நுழைந்தது. ஏழாயிரம் வெளியிலேயே நின்றுவிட்டது. அஞ்சிய பெண்கள் மாத்திரையை நிறுத்தினர். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்சிலும் கருக்கலைப்புகள் ஏறத்தாழ 13,000 கூடின என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். கருவுறுதலும் கருக்கலைப்பும் இரத்தக் கட்டின் வாய்ப்பை அந்த மாத்திரையைவிட அதிகமாக்குபவை என்பதை எண்ணினால் வேதனை மிகுகிறது. சொன்னவர் உண்மையே சொன்னார். கேட்டவரிடம் உண்மை போய்ச் சேரவில்லை. இதில் முதற்பாதி மட்டுமே தம் பொறுப்பு என்று நிபுணர் ஒதுங்கிவிட முடியுமா?

சொற்களே வழுக்கக்கூடியவை. 1951-இல் அமெரிக்க உளவுத்துறை, யூகோஸ்லாவியா மீது படையெடுப்பு நேர "கவனத்திற்குரிய சாத்தியம்" உண்டு என்று எழுதியது. அந்த அறிக்கையை வெளியிட்ட பிரிவின் ஷெர்மன் கென்ட், அத்தொடரால் எவ்வளவு குறிக்கிறீர்கள் என்று தம் குழுவினரையே கேட்டார். ஒருவர் நூற்றுக்கு 20 என்றார். ஒருவர் 80 என்றார். ஒரே வாக்கியத்தில் கூடிக் கையெழுத்திட்டவர்களின் கதி இது. தனியே வீட்டில் அமர்ந்து வாசிப்பவர் என்ன விளங்கிக்கொள்வார்?

ஆகவே ஆராய்ச்சி வேண்டியதுதான். பரூக் ஃபிஷ்ஹாஃப் முதலிய அமெரிக்க அறிஞர்கள் வகுத்த முறைப்படி, ஆய்வாளர் முதலில் பேசப் போவதில்லை, கேட்கப் போகிறார். அந்த ஆபத்தைப் பற்றி மக்கள் ஏற்கெனவே என்ன எண்ணியிருக்கிறார்கள், எந்தத் தீர்மானம் அவர்கள் முன் நிற்கிறது, அதற்கு எந்த ஒரு செய்தி குறைகிறது என்று வீடு வீடாக அமர்ந்து கேட்டறிகிறார். பின்னர் அச்செய்தியை எழுதி, மறுபடியும் அவர்களிடமே படிக்கக் கொடுத்து, என்ன விளங்கிற்று என்று சோதிக்கிறார். மருந்தைச் சோதிப்பது போலச் சொல்லைச் சோதிக்கும் வேலை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 2016-இல் தொடங்கப்பட்ட வின்டன் நிலையத்தின் ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட முடிவு ஒன்று நமக்கு மகிழ்ச்சி தந்தது. "இவ்வளவு முதல் இவ்வளவு வரை இருக்கலாம்" என்று எண்ணாலேயே ஐயத்தை ஒளிக்காமல் சொல்வதால், மக்களின் நம்பிக்கை சிறிதளவே குறைகிறது என்பது அது. ஐயத்தை ஒப்புக்கொண்டால் மதிப்புப் போய்விடும் என்று அஞ்சும் அதிகாரிகள் இதனைப் படிக்க வேண்டும்.

அறிவு ஓர் அமானிதம் என்று நாம் வழக்கமாகச் சொல்கிறோம். தம்மிடம் எவ்வளவு அறிவு இல்லை என்பதும் நிபுணர் உரியவரிடம் ஒப்படைக்க வேண்டிய அமானிதமே. லாக்விலாவில் அன்று எதைச் சொல்லியிருக்கலாம்? பின்னர் அமைந்த பன்னாட்டு அறிஞர் குழுவின் தலைவர் தாமஸ் ஜோர்டான் முதலியோர் விளக்கியபடி, அச்சிற்றதிர்வுகளால் பெரிய நடுக்கத்தின் வாய்ப்பு வழக்கத்தைவிடப் பல மடங்கு உயர்ந்திருந்தது. எனினும் அது நூற்றில் ஒன்றுக்கும் கீழேயே நின்றது. இரண்டையும் சேர்த்தே சொல்லியிருக்கலாம். "வரும் என்று சொல்ல எங்களால் முடியாது, வராது என்றும் முடியாது. அநேகமாக வராது. ஆனால் உங்கள் வீடு பழைய கல் வீடாயின், அதிர்வு கண்ட இரவில் வெளியே படுப்பதை அறிவீனம் என்று நாங்கள் சொல்லமாட்டோம்." இவ்வளவுதான். ஊரைக் காலி செய்யத் தேவையில்லை. பள்ளியை மூடத் தேவையில்லை. இதைக் கேட்டும் உள்ளே உறங்கி மாண்டிருப்போர் இருந்திருப்பார்கள். அவர்களுடைய மரணமும் துயரமே. ஆனால் அது பிறரால் ஏய்க்கப்பட்டவரின் மரணமாக இருந்திராது. (வீடுகளை உறுதியாகக் கட்டியிருந்தால் இந்தப் பேச்சே பெரிதும் தேவைப்பட்டிராது என்பதையும் மறக்க வேண்டாம். சொல்லைச் சோதிக்கச் செலவிடுவோர் சுவரையும் சோதிக்க வேண்டும்.)

தத்துவ அறிஞர் ஒனோரா ஓ'நீல் 2002-இல் நிகழ்த்திய வானொலிச் சொற்பொழிவுகளில் ஒரு வேறுபாட்டைக் காட்டினார். மக்களின் நம்பிக்கையை வளர்ப்பது எப்படி என்று எல்லோரும் கேட்கிறார்கள். நம்பத் தகுந்தவராக இருப்பது எப்படி என்று கேட்க வேண்டும் என்பது அவர் கருத்து. ஏமாற்றுக்காரனும் நம்பிக்கையை வளர்க்கிறானல்லவா? இந்த ஆராய்ச்சித் துறைக்குள்ளேயே இவ்விரு கேள்விகளும் அருகருகே வாழ்கின்றன. ஒரே சோதனை முறை, ஒரே கணக்கு. ஒருவர் மக்களுக்கு விளங்கும் சொல்லைத் தேடுகிறார்; மற்றவர் மக்களை இணங்க வைக்கும் சொல்லைத் தேடுகிறார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. சில வேளைகளில் செய்பவருக்கே தெரியாது.

தெரியாமற் போவதற்கு இடமும் உண்டு. இப்பணி நிரந்தரமானதன்று. இரண்டாண்டு முடிவில் அடுத்த இடம் தேட வேண்டிய இளைஞர், பணம் கொடுக்கும் அரசுத் துறையையோ தொழிற்சாலையையோ பகைத்துக்கொள்ளத் தயங்குவார். "உங்கள் வாசகம் மக்களைச் சற்று அச்சுறுத்துகிறது, கொஞ்சம் மென்மையாக்குங்கள்" என்று மேலிடத்திலிருந்து குறிப்பு வரும்போது, அதை எழுதியவரும் கருணையின் பெயராலேயே எழுதியிருப்பார். லாக்விலாவிலும் அப்படித்தான் தொடங்கிற்று.

நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று எத்தனையோ நாடுகளில் அறிவியல் பயில்கிறார்கள். அவர்களில் ஒருவர் நாளை இத்தகைய பணிக்கு விண்ணப்பிக்கலாம்; விண்ணப்பிக்கட்டும், நல்ல வேலைதான். பணியுத்தரவு வந்ததும் சம்பளத்தைப் பார்ப்பது இயல்பு. அதே தாளில், ஆய்வின் முடிவை வெளியிடும் உரிமை ஆய்வாளருக்கா, பணம் கொடுத்தவருக்கா என்று ஒரு விதி சிறிய எழுத்தில் எழுதியிருக்கும். அதையும் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடச் சொல்லுங்கள்.